என்னை மட்டமாக நினைத்த ஒருவர் தேவை

குடியரசு தினத்தன்று காலை எட்டரை மணிக்கு, எங்கள் நகர்ப் பூங்காவில், ஒலிபெருக்கியில் என்னை எச்சை என்றார்கள். கொடியேற்றி முடித்துக் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தேன். ஒரு நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் தினமும் பார்க்கிறவர்கள், ஞாயிறு பூசையில் பக்கத்தில் முழங்காலிடுகிறவர்கள்.

பேசியவர் எங்கள் நலச்சங்கத்தின் தலைவர். நகரின் முனையில் இருக்கும் கல்யாண மண்டபமும் அவருடையதுதான். நான் அம்பத்தூரிலிருந்து வெளிவரும் ஒரு இலவச வார இதழின் நிருபர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டில் செருகிவிட்டுப் போவார்களே, பாதி விளம்பரமும் மீதி வரி விளம்பரமுமாக, அந்த வகை. நடுவில் கிடைக்கும் கொஞ்சம் இடத்தில் ஆவடி, பட்டாபிராம் பக்கத்துச் செய்தி என்னுடையது. அதற்கு முந்தைய வாரம்தான் மண்டபத்தைப் பற்றி எழுதியிருந்தேன். சமையல்கட்டுக் கழிவுநீர்க் குழாயை மழைநீர்க் கால்வாயில் இணைத்துவிட்டார்கள். அந்தக் கால்வாய் நாலாவது தெருவின் அடிபம்புக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கிறது. முகூர்த்த நாட்களில் அடிபம்புத் தண்ணீரில் சாம்பார் வாடை வருகிறது. நேரில் போய் முகர்ந்து பார்த்து, படம் எடுத்து எழுதினேன். ஒரு சொல் கூடுதலாக இல்லை.

அதற்கு அவருடைய மறுப்பறிக்கை இப்படி வந்தது. "நம்ம நகர்ல ஒரு ரிப்போர்ட்டரம்மா கீறாங்க. பேரு சொல்ல மாட்டேன். நம்ம மண்டபம் நாறுது நாறுதுன்னு பேப்பர்ல எழுதிக்கீது. ஏன் எழுதிச்சு? இந்த வாட்டி யாரும் ஒண்ணியும் குடுக்கல. குடுத்தா வாழ்த்தி எழுதும், குடுக்கலன்னா வாரி எழுதும். கை நீட்டி வாங்கித் துன்ற எச்ச பொயப்பு."

சிரித்தார்கள். எல்லாரும் இல்லை, ஆனால் போதுமான பேர் சிரித்தார்கள். எனக்கு இடது பக்கம் நின்றிருந்த அடுத்த வீட்டு அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பாடற்குழுவில் பன்னிரண்டு வருடமாக ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிறவர்கள் நாங்கள். அதற்குள் மேடையில் பிள்ளைகள் நடனம் என்று அறிவித்துவிட்டார்கள், பாட்டும் போட்டுவிட்டார்கள்.

நான் வாய் இல்லாத ஜென்மம் இல்லை. ரேஷன் கடையில், ஷேர் ஆட்டோவில், பாடி மேம்பாலத்துக்கடியில் நிறுத்தாமல் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் என்று நான் போடாத சண்டை கிடையாது. அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. அதைவிடக் கேவலம், கையிலிருந்த மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முழுவதையும் சப்பி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரர் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தூத்துக்குடிக்காரர். இருபது வருடம் இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "அவன் கெடக்கான் ஏட்டி. மைக்கு கையில கெடைச்சா பேசத்தான் செய்வான்" என்றார். சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டு ஹாட்பாக்ஸைத் தேடினார். அன்றைக்கு விடுமுறை என்பதையே மறந்துவிட்டார். அவருக்கும் கோபம்தான், அதைக் காட்டத் தெரியாது, அவ்வளவுதான். நான் கேஸ் போடப் போகிறேன் என்றேன். "என்னத்துக்கு கோர்ட்டு கேசுன்னு அலையணும்?" என்றார். "என் பேருக்கு" என்றேன்.

ஆசிரியருக்கு போன் செய்தேன். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அவர் நம்ம பத்திரிகையைத் திட்டலையேம்மா, உங்களைத்தானே திட்டியிருக்கார்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, கழற்றிவிட்டாரா என்று போனை வைத்த பிறகும் பிடிபடவில்லை. அவருக்காகத்தானே எழுதினேன்? இல்லை, எனக்காக எழுதினேனா? அடிபம்புக்காக எழுதினேன் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் பங்கில் ஒரு வக்கீல் இருக்கிறார். ஞாயிறு பூசையில் இரண்டாம் வாசகம் பெரும்பாலும் அவர்தான் வாசிப்பார். ஆபீஸ் பூந்தமல்லியில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். ஆவடி போய் பஸ் மாறிப் போனேன். கட்டணம் பேச வேண்டாம், முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார். தலைவர் மேடையில் என்ன பேசினாரோ அதை அப்படியே சொல்லச் சொன்னார். எனக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. காகிதம் வாங்கி முழுவதையும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் படித்தார். பேனாவை எடுத்து 'எச்ச பொயப்பு' என்பதைக் குறுக்கே அடித்தார். 'கை நீட்டி வாங்கி' என்பதன் கீழே கோடு போட்டார்.

"இது திட்டு. இது அவதூறு" என்றார்.

நான் பஸ் மாறி வந்ததே அவர் அடித்துவிட்ட அந்தச் சொல்லுக்காகத்தான். படுத்தால் காதில் கேட்பது அதுதான். கை நீட்டி வாங்கினேன் என்று சொன்னது எனக்கு வலிக்கவே இல்லை, ஏனென்றால் அது பொய் என்று எனக்குத் தெரியும்.

"திட்டுறதுல செய்தி இல்லம்மா" என்று பொறுமையாக விளக்கினார். "நாய்னு சொன்னா நீங்க நாய்னு யாரும் நம்பப் போறதில்ல. மனசு நோகும், அவ்வளவுதான். ஆனா காசு வாங்கிட்டு எழுதுறாங்கன்னு சொன்னா, நம்புறவன் நம்புவான். உங்க தொழில்ல அது உங்க பேரையே சாப்பிட்டுடும். பேசினாலும் எழுதினாலும் நம்ம சட்டத்துல அவதூறு ஒண்ணுதான்."

"பேரைச் சொல்லலையே சார்?"

"அந்த நகர்ல எத்தனை ரிப்போர்ட்டரம்மா இருக்காங்க?"

"நான் ஒருத்திதான்."

"அப்ப பேர் சொன்ன மாதிரிதான்."

கொஞ்சம் தெம்பு வந்தது. உடனே அதையும் அவரே எடுத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. நீங்களும் வாராவாரம் நாலு பேரைப் பத்தி எழுதுறீங்க. பொதுவில வேலை செய்யறவங்களைப் பத்திக் கருத்துச் சொல்ல மத்தவங்களுக்கும் இடம் இருக்கு. அது வெறும் என் கருத்துன்னு அந்தப் பக்கம் சொல்லுவாங்க. இல்ல, உண்மையைத்தான் ஊர் நன்மைக்குச் சொன்னேன்னு சொல்லுவாங்க. அது பொய்தானே?"

"பொய்தான் சார்."

"எதுவும் வாங்கினதில்லையே?"

"கவரா? சத்தியமா இல்ல சார்."

கவர் என்றால் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். எந்தத் திறப்பு விழாவுக்கு, எந்தப் பேட்டிக்குப் போனாலும் முடிவில் டீயும் பிஸ்கட்டும் வரும், பிறகு ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு ஒட்டிய கவரை நீட்டுவார். நான் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. வாங்குகிறவர்கள் என்னைக் கேலி செய்வார்கள், நான் இருப்பதால் மற்றவர்களுக்குச் சங்கடம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். வக்கீலிடம் அந்தப் பெருமையோடுதான் சொன்னேன்.

அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். "சரி. இனி ஒரு சாட்சி வேணும். அங்க இருந்தவங்க, காதால கேட்டவங்க. அது மட்டும் போதாது. அதைக் கேட்டதும் இந்தம்மா மேல எனக்கு இருந்த மதிப்பு குறைஞ்சுதுன்னு அவங்க சொல்லணும். அப்பத்தான் கேஸ் நிக்கும்."

"புரியலை சார்."

"உங்களை மட்டமா நினைச்ச ஒருத்தர் வேணும்மா."

திரும்பி வரும் பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். என்னை மட்டமாக நினைத்தவர் எனக்காக எதற்குச் சாட்சி சொல்ல வருவார்? எனக்காக வருகிறவர் எப்படி மட்டமாக நினைத்திருப்பார்? சட்டம் எழுதியவர்களுக்கு அக்கம்பக்கமே இருந்ததில்லை போலிருக்கிறது. ஆனாலும் ஒரு முகம் நினைவுக்கு வந்தது. முந்தானையால் மூடிய முகம். அன்றைக்குச் சிரித்த அடுத்த வீட்டு அக்கா. சிரித்தவர் கொஞ்சமாவது மட்டமாக நினைத்திருக்க வேண்டுமே.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா பிளவுஸ் தைப்பவர், முன்னறையில்தான் மிஷின். நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க" என்றேன்.

அக்கா மிஷினை நிறுத்தினார். "சிரிச்சிட்டேன்மா. அல்லாரும் சிரிச்சாங்களா, எனுக்கும் வந்துருச்சி. ஊட்டுக்கு வந்து அழுதேன், தெர்மா? ஃபாதராண்ட பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்லிட்டேன்."

அவர் அழுதது உண்மை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கே அழுகை வந்தது. இருந்தாலும் வந்த வேலையைக் கேட்டேன். "அவர் சொன்னதைக் கேட்டதும் என்னைப் பத்தி மட்டமா நினைச்சீங்களா அக்கா?"

"உன்னப் போயி நானா? இன்னா கேள்வி இது?"

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல. மாதா மேல சத்தியமா."

அப்போது எனக்கு ஏற்பட்டதை என்னவென்று சொல்வது? மனம் குளிர்ந்தது, அதே நேரம் கேஸ் போயிற்றே என்றும் இருந்தது. வக்கீல் சொன்னதை அக்காவுக்கு விளக்கினேன். அவர் மிகக் கவனமாகக் கேட்டார். எனக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"வேணும்னா நெனச்சேன்னு சொல்லிடவா?"

"வேணாம்கா. பொய்ச் சாட்சி ஆயிடும்."

அக்கா துணியை மடித்துக்கொண்டே யோசித்தார். பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவ்வளவு அன்பாகச் சொன்னார். "அவன் புச்சா இன்னாத்த சொல்லிட்டான்னு நீ இப்டி அலையற? நமக்குத் தெரியாததா?"

"எது?"

"நீ வாங்குறது."

நான் எழுந்துவிட்டேன். அக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் தப்பா சொல்லலம்மா. உன் வேலைல அது சகஜம். உன் ஊட்டு கடியாரம், எனுக்கு மழைக்கு குடுப்பியே அந்தக் கொட, அண்ணன் சோறு எடுத்துனு போவாரே அந்த ஹாட்பாக்ஸ். அது மண்டபம் தொறந்தப்போ குட்த்ததுதான? மூடி மேலயே பேரு கீதே. அடுத்த வாரம் நீ ஆகா ஓகோன்னு எழுதின. போட்டோல நான் கூட நிக்கிறேன், கட் பண்ணி வச்சிக்கிறேன்."

"அக்கா, அது பையில போட்டுக் கொடுத்தது. எல்லாருக்கும் கொடுத்தாங்க. கவர் வேற, அது வேற."

"ஆமாமா. அதத்தான் நானும் சொல்றேன். நாலாவது தெருல கேப்பாங்க, ரிப்போர்ட்டரம்மாவாண்ட ஒரு நூசு போடணும்னா இன்னா குடுக்கணும்னு. நான் சொல்லிருவேன், அந்தம்மாவுக்கு துட்டு ஆவாது, நேர்மையான பொம்பள, பாத்திரம் பண்டம்னா வாங்கிக்கும்னு."

அவர் குரலில் ஒரு துளி விஷமம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கோர்ட்டுக்கு நான் வரேன்மா" என்றார் அக்கா. "வந்து நல்லா சொல்றேன். அவன் பேசினதால இந்தம்மா மேல எனுக்கு இருந்த மரியாதை கடுகளவும் கொறையலன்னு."

வீட்டுக்கு வந்து நடுக்கூடத்தில் நின்றேன். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, பாடியில் ஒரு லாரி உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு விழாவில் கொடுத்தது. கதவுக்குப் பின்னால் நகைக்கடையின் குடை. ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தனியார் பள்ளியின் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு. சமையலறையில் ஒரு பாத்திரக்கடையின் சில்வர் தட்டுகள், காலண்டர், சாவி மாட்டும் பலகை. நம் ஊரில் கொடுப்பவர் பேரைப் போடாமல் யாரும் எதையும் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றிலும் 'அன்பளிப்பு' என்று அச்சடித்தோ வெட்டியோ இருந்தது. இத்தனை வருடமாக இந்த எழுத்துகளுக்கு நடுவில்தான் சமைத்தேன், சாப்பிட்டேன். வீட்டுக்கு வருகிற எல்லாரும் படித்திருக்கிறார்கள். படிக்காதவள் நான் ஒருத்திதான்.

ஹாட்பாக்ஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது. மூடியில் மண்டபத்தின் பெயரும், திறப்பு விழா நல்வாழ்த்துகளுடன் என்ற வரியும் இருந்தன. தொழிற்சாலையில் வீட்டுக்காரர் அதைத் திறக்கும்போதெல்லாம் கூட வேலை செய்கிறவர்கள் 'மண்டபம் திறந்தாச்சு, பந்தி போடலாம்' என்று கேலி செய்வதாக எத்தனையோ நாள் சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன்.

பழைய இதழ்களைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் தேடினேன். கிடைத்தது. 'இப்பகுதி மக்களுக்கு ஒரு வரப்பிரசாதம்.' என் எழுத்துதான். ஹாட்பாக்ஸுக்காக எழுதினேனா? நிச்சயமாக இல்லை. திறப்பு விழாச் செய்தியை எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். இதை வக்கீலிடம் தைரியமாகச் சொல்லலாம் என்று எழுந்தவளுக்கு, அன்றைய நாள் மெல்ல நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார்கள். பின்பக்கம் சமையல்கட்டு. அங்கே ஒரு பெரிய குழாய் சுவரைத் துளைத்து வெளியே போனது. இது எங்கே போகிறது என்று நான் கேட்டேன். 'சீக்கிரம் கனெக்ஷன் வந்துரும் மேடம்' என்று யாரோ சொன்னார்கள். நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. ஒரு கையில் குறிப்பேடு, இன்னொரு கையில் அந்தப் பை. எழுத முடியாமல் போனது கை நிறைந்திருந்ததாலா, பதில் போதும் என்று பட்டதாலா, கொடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் கேட்க வாய் வராததாலா? எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும். அதே குழாயைப் பற்றித்தான் இரண்டு வருடம் கழித்து எழுதினேன். இப்போது எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அன்று எழுதாமல் விட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடைக்குப் போயிருந்த வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் சொன்னேன். "அது வெறும் சோத்துப் பெட்டி ஏட்டி. அதுக்கும் நீ எழுதுனதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால், பரணிலிருந்து எங்கள் கல்யாணத்துக்கு வந்த பழைய டிபன் கேரியரை இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவே இல்லை. அவராகவே சோற்றை அதில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். எனக்கு ஆதரவாகத்தான் செய்தார் என்று தெரியும். ஆனால் சம்பந்தம் இல்லாத பெட்டியை எதற்காக மாற்ற வேண்டும்? அவரும் என்னைப் பற்றி ஏதோ முடிவுக்கு வந்துவிட்டார் என்று தோன்றியது. அன்றைக்கு மைக்கில் கேட்டதைவிட இது அதிகமாக வலித்தது.

அன்று மத்தியானம் நாலாவது தெருப் பக்கம் போனேன். முகூர்த்த நாள். கால்வாயில் நுரை போய்க்கொண்டிருந்தது. அடிபம்பில் ஒரு பெண் குடத்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிநேகமாகச் சிரித்தார். வழக்கமான சிரிப்புதான். அதில் இதற்கு முன் நான் பார்க்காதது எதுவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அங்கே நின்றிருக்கும்போதுதான் வக்கீலிடமிருந்து போன் வந்தது. "என்னம்மா, சாட்சி கிடைச்சாங்களா?" என்றார்.

"கிடைச்சாங்க சார்."

"நல்லது. அவர் பேசினதைக் கேட்டு உங்க மேல இருந்த மதிப்பு குறைஞ்சுதுன்னு சொல்லுவாங்கல்ல?"

"குறையலை சார்" என்றேன். "அவர் சொல்றதுக்கு முன்னாடியே அவ்வளவுதான் இருந்துச்சாம்."

அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று வக்கீல் கேட்டார். பம்படித்த பெண் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். அந்தத் தண்ணீரின் வாடை எனக்கு நன்றாக அடித்தது.